யாரது என்று கேட்பதற்கு முன்: கட்டுடைப்பும் விருந்தோம்பலும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

"தெரிதா, புரியுதா?" என்பது தமிழ் இலக்கியக் கூட்டங்களில் தேய்ந்துபோன ஜோக். பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் தெரிதாவின் பெயரை எடுத்தாலே பின்வரிசையில் யாராவது சொல்லிவிடுவார்கள். சொல்பவர்கள் மேல் முழுத் தப்பும் இல்லை, அவர் எழுத்து அப்படி. எங்கள் வாசிப்பு வட்டத்தில் சில மாதங்களாக விருந்தோம்பல் பற்றிய அவருடைய உரைகளைப் படித்து வருகிறோம். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லிப் பார்த்த பதில்களையும் கீழே தருகிறேன்.

கட்டுடைப்பு என்றால் எல்லாவற்றையும் போட்டு உடைப்பதுதானே?

இல்லை. அந்தச் சொல்தான் நம்மைக் குழப்புகிறது. தெரிதாவின் வாசிப்பு முறைக்கு ஆங்கிலத்தில் டீகன்ஸ்ட்ரக்‌ஷன் என்று பெயர்; அதைக் கட்டுடைப்பு, கட்டவிழ்ப்பு, தகர்ப்பு என்று தமிழில் ஆளாளுக்கு ஒன்று எழுதுகிறார்கள். எனக்குக் கட்டவிழ்ப்பு பிடிக்கும். ஆனால் புழக்கத்தில் நிலைத்தது கட்டுடைப்பு, அதையே வைத்துக்கொள்வோம்.

ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகர் கையாண்ட ஒரு சொல்லுக்கு பிரெஞ்சில் ஈடு தேடியபோது தெரிதாவுக்குக் கிடைத்த சொல் இது. பழைய பிரெஞ்சு அகராதி ஒன்றில் இதற்கு ஓர் அழகான பொருள் இருந்ததாக அவரே 1983-இல் ஒரு ஜப்பானிய நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்: ஓர் இயந்திரத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோவதற்காகப் பாகம் பாகமாகப் பிரிப்பது. தையல் மெஷினைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கைப் பார்த்து "உடைக்கிறான்" என்று யாரும் கத்துவதில்லை அல்லவா?

எதைப் பிரிக்கிறார்? நாம் ஜோடி ஜோடியாகத்தான் யோசிக்கிறோம். பேச்சு, எழுத்து. உள்ளே, வெளியே. நம்மவர், அந்நியர். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மரியாதை கூட, மற்றதற்குக் கொஞ்சம் குறைவு. தெரிதா ஒரு நூலை எடுத்து வரி வரியாகப் படித்து, உசத்தியாக வைக்கப்பட்டது கீழே வைக்கப்பட்டதைச் சார்ந்தே நிற்கிறது என்று அந்த நூலின் சொற்களை வைத்தே காட்டுவார். வெளியிலிருந்து கடப்பாரை கொண்டுவருவதில்லை.

ஒரே ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.

1968-இல் அவர் பிளேட்டோவைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை. பிளேட்டோ ஒரு கதை சொல்கிறார். எழுத்தைக் கண்டுபிடித்த எகிப்தியத் தெய்வம் அதை அரசனிடம் கொண்டுபோய், "இது ஞாபகசக்திக்கான ஃபார்மகோன்" என்கிறது. அரசன், "இதை நம்பினால் மனிதர்களுக்கு மறதிதான் வரும்" என்று மறுத்துவிடுகிறான். ஃபார்மகோன் என்ற கிரேக்கச் சொல்லுக்கு மருந்து என்றும் பொருள், விஷம் என்றும் பொருள். ஐரோப்பிய மொழிபெயர்ப்பாளர்கள் இடத்துக்கு ஏற்ப ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். தேர்ந்தவுடனே கதையின் முடிச்சு காணாமல் போய்விட்டது என்பது தெரிதாவின் வாதம்.

இந்த இடத்தில் தமிழருக்குச் சிரமமே இல்லை. நம்மிடம் இருமல் மருந்து உண்டு, எலிமருந்து உண்டு, பூச்சிமருந்து உண்டு, வசியமருந்து உண்டு, வெடிமருந்தும் உண்டு. ஊரில் ஒருவர் "அவன் மருந்தக் குடிச்சுட்டான்" என்று பதறி ஓடிவந்தால் காய்ச்சலுக்குக் குடித்தான் என்று யாரும் நினைப்பதில்லை. ஃபார்மகோனுக்கு "மருந்து" என்று போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

இந்த மருந்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

"பிரதிக்கு வெளியே ஒன்றுமில்லை" என்றாராமே. அப்போது பசியும் பொய்யா?

பசி நிஜம். (பிரதி என்றால் இங்கே நூல், எழுத்து.) அந்த வாக்கியத்தைப் பாதியில் பிடித்துக்கொண்டு நாற்பது ஐம்பது வருடமாகச் சண்டை போடுகிறார்கள். எதுவும் சூழலிலிருந்து கழன்று தனியாக நம் முன்னால் வந்து நிற்பதில்லை, எதைப் புரிந்துகொள்வதற்கும் ஏதோ ஒரு வாசிப்பு தேவைப்படுகிறது என்பதைத்தான் அவர் சொன்னார். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பது பசியை எப்படிப் பாதிக்கும் என்று யோசித்தால் போதும்.

இப்படிப்பட்டவர் விருந்தோம்பல் பக்கம் ஏன் வந்தார்?

அவர் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தெரிதா 1930-இல் அல்ஜீரியாவின் தலைநகருக்கு அருகே எல் பியாரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அல்ஜீரியா அப்போது பிரான்சின் காலனி. அங்கிருந்த யூதர்களுக்கு 1870-இல் பிரெஞ்சுக் குடியுரிமை கொடுத்திருந்தார்கள். 1940 அக்டோபரில், ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி அரசு அதை ஒரே ஆணையில் பிடுங்கிக்கொண்டது. 1942-இல் பள்ளி திறந்த அன்றே, யூத மாணவர்களுக்கான ஒதுக்கீட்டு அளவைக் காரணம் காட்டி, 12 வயதுப் பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குடியுரிமை 1943-இல்தான் திரும்பி வந்தது.

அந்தப் பையன் எங்கும் போகவில்லை. பிறந்த ஊரிலேயே, பேசிய மொழியிலேயே, ஒரு நாள் காலையில் அந்நியனாகிவிட்டான். வீட்டுக்காரன் யார், வந்தவன் யார் என்று ஒரு காகிதம் தீர்மானிக்கிறது என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1981-இல் இன்னொன்றும் நடந்தது. ரகசிய தத்துவ வகுப்பு ஒன்றுக்காக அன்றைய கம்யூனிஸ்ட் பிராகாவுக்கு விருந்தினராகப் போனவரின் பெட்டியில் போதைப்பொருளை வைத்து, கிளம்பும்போது விமான நிலையத்தில் கைது செய்தார்கள். பிரெஞ்சு அரசு தலையிட்ட பிறகே விட்டார்கள்.

சரி, விருந்தோம்பல் பற்றி அவர் சொல்வது என்ன?

முதலில் சொற்களைப் பிரிக்கிறார். ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிட்டல் என்று நாம் தினமும் சொல்வதெல்லாம் விருந்தினரைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது "ஹோஸ்டிஸ்" என்ற இன்னொரு சொல். அதற்கு முதலில் அந்நியன் என்று பொருள், பிறகு எதிரி என்றாயிற்று. வந்து நிற்பவர் விருந்தாளியா, எதிரியா என்ற சந்தேகம் அந்தச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. தெரிதா இரண்டையும் கலந்து, விருந்தும் பகையும் சேர்ந்த ஒரு புதுச் சொல்லையே உண்டாக்கினார். இன்னொரு வேடிக்கை, பிரெஞ்சில் விருந்து கொடுப்பவருக்கும் விருந்தாளிக்கும் ஒரே சொல்தான்.

அப்புறம் முக்கியமான இடத்துக்கு வருகிறார். 1996 ஜனவரியில் பாரிஸில் ஆற்றிய உரைகளில் இரண்டு வகை விருந்தோம்பலைப் பேசுகிறார். ஒன்று, நிபந்தனை எதுவும் இல்லாதது. வருபவர் யாரென்று கேட்காதே. பெயர்கூட வேண்டாம். வந்தவருக்கு இடம் கொடு, அவ்வளவுதான். இரண்டாவது, நாம் தினமும் செய்வது. யார், எங்கிருந்து, எத்தனை நாள், எந்த அறை, என்ன விதி.

முதலாவதை அப்படியே கடைப்பிடிக்க முடியாது. வீட்டை முழுவதுமாக விட்டுக்கொடுத்துவிட்டால் விருந்து கொடுக்க வீடே இருக்காது. ஆனால் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டால் விருந்தோம்பல் மெல்ல மெல்ல லாட்ஜ் ரிசப்ஷனாகிவிடும். ஆதார் கார்டு, அட்வான்ஸ், காலை 10 மணிக்கு செக் அவுட். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது, ஒன்றை விட்டு மற்றது இருக்கவும் முடியாது என்கிறார்.

அப்படியானால் கதவைத் திறந்தே போட்டுவைக்கச் சொல்கிறாரா?

எங்கேயும் அப்படிச் சொல்லவில்லை. எதிர்ப்பவர்களும் சரி, ரசிகர்களும் சரி, அதிகம் தவறாகப் படிப்பது இந்த இடத்தைத்தான். விதிகள் வேண்டும் என்று அவரே அழுத்திச் சொல்கிறார். விதியில்லாத விருந்தோம்பல் வெறும் நல்லெண்ணமாக மாறிவிடும். ஆனால் ஒவ்வொரு விதியும் அந்த முடியாத விருந்தோம்பலுக்கு முன்னால் நின்று பதில் சொல்லியாக வேண்டும். "இவ்வளவுதான் என்னால் முடிந்தது" என்பது ஒன்று. "இவ்வளவு செய்ததே பெரிது" என்பது வேறு.

இதையெல்லாம் கான்ட் முன்பே சொல்லவில்லையா?

கொஞ்சம். 1795-இல் வெளிவந்த நிரந்தர அமைதி பற்றிய சிறு நூலில், அந்நிய மண்ணில் கால் வைத்தவனை எதிரியாக நடத்தக் கூடாது என்று ஜெர்மன் தத்துவவாதி கான்ட் எழுதினார். பூமி உருண்டை, மனிதர்கள் எல்லையில்லாமல் விலகிப் போய்க்கொண்டே இருக்க முடியாது, ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். அருமையான காரணம். ஆனால் வந்து போகும் உரிமைதான் உண்டு, தங்கும் உரிமை கிடையாது என்று உடனே கோடு போட்டுவிட்டார். அந்தக் கோட்டில்தான் தெரிதா நின்று கேள்வி கேட்கிறார். (அந்த நூலின் தலைப்பே, ஒரு டச்சு விடுதிக்காரர் கல்லறைப் படத்தோடு மாட்டியிருந்த பெயர்ப்பலகையிலிருந்து எடுத்தது என்று கான்ட் முதல் வரியிலேயே சொல்கிறார். விடுதிக்கும் இந்த விவாதத்துக்கும் அப்படி ஓர் ஒட்டுறவு.)

இன்னொரு கட்டுரையில் கான்ட், உன் வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடிக் கொலைகாரன் வந்து கேட்டாலும் பொய் சொல்லாதே என்கிறார். விருந்தாளியைக் காட்டிக்கொடுக்கும் இந்த நேர்மையை தெரிதாவால் ஏற்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

புத்தகத்தில் சரி. நடைமுறையில் இது எங்கே பயன்பட்டது?

1996 பிரான்ஸைப் பார்க்க வேண்டும். அந்தக் கோடையில் பாரிஸின் 18-ஆம் வட்டாரத்தில், சென் பெர்னார் தேவாலயத்தில், தங்கும் அனுமதிச் சீட்டு இல்லாத சுமார் 300 பேர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள். சிலர் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஆகஸ்ட் 23 காலையில் போலீஸ் கோடாரியால் கதவைப் பிளந்துகொண்டு உள்ளே போனது. ஈழத்தமிழர்களின் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் அங்கிருந்து நடந்து போகும் தூரம்தான். பாரிஸில் உறவினர் இருக்கும் பலர் அந்தத் தேவாலயத்தைத் தாண்டித்தான் மளிகை வாங்கப் போயிருப்பார்கள்.

அதே சமயத்தில், அனுமதியில்லாத வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தவர்கள் மேல் வழக்குகள் வந்தன. அதற்கு "விருந்தோம்பல் குற்றம்" என்று ஒரு பெயர் புழங்கியது. அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டபோது மூச்சே அடைத்ததுபோல் இருந்தது என்று 1996 டிசம்பரில் பாரிஸை ஒட்டிய நாந்தேரில் ஒரு நாடக அரங்கில் தெரிதா பேசினார். அரசு அதோடு நிற்கவில்லை. வெளிநாட்டு விருந்தாளி எப்போது கிளம்பினார் என்பதை வீட்டுக்காரர் நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு சட்ட வரைவைக் கொண்டுவந்தது. 1997 பிப்ரவரியில் 59 திரைப்பட இயக்குநர்கள், "நாங்களும் தங்கவைத்தோம், எங்களையும் விசாரியுங்கள்" என்று அறிக்கை விட்டார்கள். ஊர்வலங்கள் நடந்தன. அந்த விதி அந்த வடிவத்தில் சட்டமாகவில்லை.

இன்னொரு வேலையும் நடந்தது. எழுத்தாளர்கள் சேர்ந்து 1993-இல் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் நாடாளுமன்றம் என்ற அமைப்பு, உயிருக்கு அஞ்சி ஓடிவரும் எழுத்தாளர்களுக்கு நகரங்கள் இடம் தரும் ஏற்பாட்டைச் செய்துவந்தது. நாடுகள் கைவிட்டால் நகரங்கள் கதவைத் திறக்கலாமே என்று தெரிதா அதற்காக எழுதினார்.

கதை 2018 வரை நீள்கிறது. இத்தாலி எல்லையோரம் ரோயா பள்ளத்தாக்கில் ஒலிவ மரமும் கோழியும் வளர்க்கும் செத்ரிக் எரூ என்ற விவசாயி, எல்லை தாண்டி வந்தவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்ததற்காக வழக்கில் சிக்கினார். அந்த ஆண்டு ஜூலை 6 அன்று பிரான்சின் அரசமைப்புக் கவுன்சில், நாட்டின் முழக்கத்தில் உள்ள "சகோதரத்துவம்" வெறும் அலங்காரச் சொல் இல்லை, மனிதாபிமானத்தோடு பிறருக்கு உதவும் சுதந்திரம் அதிலிருந்து வருகிறது என்று தீர்ப்பளித்தது. ஆனால் எல்லைக்குள் நுழைய உதவுவதற்கு அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை. பார்த்தீர்களா, இங்கேயும் ஒரு கோடு.

நம் ஊரில் இப்படிச் சட்டம் எதுவும் இல்லையே?

வெளிநாட்டவர் வந்து தங்கினால் ஹோட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும் என்பது தெரியுமா? அது அரசாங்கம் வைத்த விதி. எழுதாத விதிகள் அதைவிடக் கடுமை. வாடகைக்கு வீடு தேடிப் போனவர்களுக்கு "எந்த ஊர்?" என்ற கேள்வியின் உள்ளர்த்தம் தெரியும். ஊர் பேரைச் சொன்னதும் "அங்க எந்தத் தெரு?" என்று வரும். விருந்தோம்பல் பெயர் கேட்பதில் தொடங்குகிறதா, கேட்காமல் இருப்பதில் தொடங்குகிறதா என்று பாரிஸ் வகுப்பறையில் கேட்கப்பட்ட கேள்வி, டூலெட் போர்டு தொங்கும் எந்தத் தெருவிலும் கேட்கக்கூடியதுதான். டீக்கடை இரட்டைக் குவளையும் இதே கணக்கில் வரும். டீ உண்டு. தம்ளர் வேறு.

வீட்டுக்குள் இதை எப்படிப் பயன்படுத்துவது?

சென்ற வருடம் மே மாதம், ஞாயிறு மத்தியானம். சாப்பாடு கொண்டுவந்த பையன் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "அண்ணா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றான். இருங்க தம்பி என்று உள்ளே போனேன். சமையலறை மேடையில் எவர்சில்வர் தம்ளர்கள் கவிழ்த்து வைத்திருந்தன. என் கை அவற்றைத் தாண்டி, மேல் அலமாரியில் பிறந்தநாளுக்கு வாங்கி மிச்சமிருந்த பேப்பர் கப்பை எடுத்தது. எட்டவில்லை, குதிகாலைத் தூக்கி எடுத்தேன். கதவின் சங்கிலியைக்கூட முழுதாகக் கழற்றாமல் இடுக்கு வழியாக நீட்டினேன். அவன் குடித்து, கப்பைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு "தேங்க்ஸ்ணா" என்று போய்விட்டான்.

பின்னால் நின்ற அம்மா, "ஏன்டா, தம்ளர் அங்கதானே இருக்கு?" என்றார்.

என்னிடம் பதில் இருந்தது. வேகமாகக் கிடைத்தது, சுத்தம், கழுவ வேண்டாம். எல்லாம் நல்ல காரணங்கள்தான், ஆனால் ஒன்றும் நிற்கவில்லை. எட்டாத அலமாரிதான் வேகமா? தண்ணீர் கொடுத்தேன், மறுக்கவில்லை. நிபந்தனை தம்ளரில் இருந்தது. நான் போட்ட விதி எனக்கே தெரியாமல் இருந்தது. கட்டுடைப்பை வீட்டில் எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்கு இந்த மேல் அலமாரியைத்தான் காட்டுகிறேன்.

வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டாரே?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. அப்படிக் கிளம்புவதற்கு முன் சற்று நிற்போம். விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் "விருந்தே தானும் புதுவது கிளந்த யாப்பின் மேற்றே" என்கிறது. ஆக விருந்தினர் என்றால் புதியவர். லத்தீனில் அந்நியன் எதிரியானான், தமிழில் புதியவர் சாப்பாடாகவே ஆகிவிட்டார். இது நமக்குக் கிடைத்த நல்ல சொல்தான். ஆனால் இன்று நாம் விருந்துக்கு அழைப்பது யாரை? மாமன், மச்சான், ஆபீஸ் நண்பர். புதியவர் அதில் எங்கே?

"விருந்து புறத்ததாத் தானுண்டல் சாவா மருந்தெனினும் வேண்டற்பாற் றன்று" என்பது குறள். விருந்து வெளியே காத்திருக்க, சாகாமல் காக்கும் மருந்தே ஆனாலும் தனியாக உண்ணாதே. இதுதான் நிபந்தனை இல்லாத பக்கம். அதே தமிழ்தான் "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்கு" என்றும் சொல்கிறது. அதில் நாள் கணக்கு வந்துவிட்டது. குறளில் விருந்துக்காக மருந்தை விடச் சொல்கிறார், பழமொழியில் நாள் கடந்தால் விருந்தே கசக்கும் மருந்து. தெரிதா இரண்டு உரைகளில் இழுத்துப் பேசிய முரண், நம் பாட்டிமார் வாயில் வெற்றிலையோடு சேர்ந்து கிடந்திருக்கிறது. பாட்டி மேல்வீட்டு வாத்தியாருக்கு முதலாவதைச் சொல்வார், மருமகளின் தம்பி வந்தால் இரண்டாவது.

விருந்தோம்பல் என்றாலே பெண்கள் தலையில்தானே விழுகிறது?

தெரிதா இதைத் தொட்டிருக்கிறார். வீட்டுக்கு விதி போடுபவன் தந்தை, கணவன், எஜமானன் என்றும், விருந்தோம்பலின் மாதிரியே ஆண் அதிகாரம் என்றும் சொல்கிறார். உரையின் முடிவில் பைபிளுக்குப் போகிறார். சோதோம் நகரில் லோத்து, விருந்தாளிகளைக் காப்பாற்ற வெளியே நிற்கும் கும்பலிடம் தன் மகள்களைத் தருவதாகச் சொல்கிறான். நியாயாதிபதிகள் புத்தகத்தில் இன்னும் கொடூரம். கிபியாவில் விருந்தாளியைக் காப்பாற்ற ஒரு பெண்ணை வெளியே தள்ளிவிடுகிறார்கள், விடியும்போது அவள் வாசற்படியில் விழுந்து கிடக்கிறாள். நாம் இந்த விருந்தோம்பலின் வாரிசுகளா என்று கேட்டு அவர் முடிக்கிறார்.

ஆனாலும் எனக்கு ஒரு குறை. அவர் வாசற்படியில் நிற்கும் நேரத்தில் பாதியைக்கூட அடுப்படியில் செலவிடவில்லை. "யார் வந்தாலும் சாப்பிடாமல் போகக் கூடாது" என்று பெருமை பேசுபவர் ஒருவர், இரவு 10 மணிக்கு மறுபடியும் மாவு கரைப்பவர் இன்னொருவர். எங்கள் வட்டத்தில் இதைச் சொன்னது நான் இல்லை. கூட்டத்துக்கு எப்போதும் டீ போடும் அக்கா சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து ஆளுக்கொரு முறை என்று வைத்தோம்.

தெரிதாவே ஒரு ஏமாற்று என்கிறார்களே?

சொன்னார்கள். 1992-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குக் கௌரவப் பட்டம் தர முன்வந்தபோது தத்துவப் பேராசிரியர்கள் சிலர் பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். வாக்கெடுப்பு வரை போய், 336-க்கு 204 என்று வென்றார். அந்தக் கடிதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 1987-இல் நடந்தது வேறு. மறைந்த நண்பரும் இலக்கிய விமர்சகருமான பால் டி மான், இளமையில் நாஜி ஆக்கிரமிப்பு பெல்ஜியத்தில் யூத வெறுப்புக் கட்டுரை எழுதியது வெளிவந்தபோது, தெரிதா அதை மிகவும் கனிவாகப் படித்தார். 12 வயதில் பள்ளியை விட்டு அனுப்பப்பட்டவர் அதை எழுதினார் என்பது இன்னும் உறுத்துகிறது.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

எழுத்தைப் பற்றிய அவருடைய பெரிய நூலில் தொடங்கினால் 30 பக்கத்தில் மூடிவைத்துவிடுவீர்கள். நான் பட்ட அனுபவம். 1997-இல் வந்த "விருந்தோம்பல் பற்றி" என்ற சின்னப் புத்தகத்தை எடுங்கள், ஆங்கிலத்தில் கிடைக்கிறது. வலப்பக்கத்தில் தெரிதாவின் உரை ஓடுகிறது. இடப்பக்கத்தில் அவரை அழைத்த ஆன் டுஃபூர்மான்டெல் என்ற தத்துவவாதியின் எழுத்து. யார் வீட்டில் யார் விருந்து என்று சொல்ல முடியாதபடி இருவரும் எதிரெதிரே இருக்கிறார்கள். முதல் தடவை வலப்பக்கம் மட்டும் படியுங்கள், அப்புறம் இடப்பக்கம்.

தெரிதா 2004-இல் இறந்தார். டுஃபூர்மான்டெல் 2017 ஜூலையில், தெற்கு பிரான்சில் ஒரு கடற்கரையில், அலையில் சிக்கிய குழந்தைகளைக் காப்பாற்ற நீந்திப் போய் இறந்தார். குழந்தைகள் பிழைத்துவிட்டார்கள்.